பாரியோவுக்கும் பக்கெலாலானுக்கும் நடுவில்

என்னைப் பெண் பார்க்க அவர்கள் வரவில்லை. நாங்கள்தான் போனோம். மாப்பிள்ளையின் அம்மா கெடா மாநிலத்தில் ஜித்ரா என்ற ஊரில் தையல் கடை வைத்திருந்தார். தீபாவளி நெருக்கத்தில் ஒரு நாள்கூடக் கடையை மூட முடியாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. கடல் தாண்டி, போர்னியோ தீவிலுள்ள சரவாக்கின் மலைப்பகுதியில் பக்கெலாலான் என்ற ஊரின் கிளினிக்கில் அவருக்கு வேலை. எங்கள் தோட்டத்து ஆட்கள் இன்னும் 'டிரெசர்' என்று சொல்கிற மருத்துவ உதவியாளர் வேலை. விடுப்பு கிடைத்தும், மேகம் இறங்கி விமானம் ரத்தாகிவிட்டதால் அவர் வந்து சேரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படத்தைத்தான் நான் பார்த்தேன்.

நானும் சரவாக்கில்தான் வேலை செய்கிறேன். பாரியோ என்ற ஊரின் இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியை. கெடாவிலேயே குருணில் வளர்ந்த எனக்கு முதல் நியமனமே அங்கேதான் கிடைத்தது. பாரியோவும் பக்கெலாலானும் ஒரே மலைத்தொடரில் இருக்கிற ஊர்கள். இந்தச் சம்பந்தம் பேச்சுக்கு வந்ததே அதனால்தான்.

மாப்பிள்ளையின் அம்மா டீத்தண்ணீர் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "ரெண்டு பேரும் சரவாக்தான். ஆனா ஒரே ஊர் இல்லையே அண்ணே. கல்யாணம் கட்டிட்டுப் பொண்ணு ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம்னு இருந்தா எப்படி?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அப்பா கைப்பேசியை எடுத்தார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று காட்டுகிற பக்கம் ஒன்றை வைத்திருந்தார். பச்சை வரைபடத்தில் இரண்டு புள்ளிகள். அவற்றை இணைத்து ஒரு சின்னக் கோடு.

"இங்க பாருங்கம்மா. பத்து நிமிஷம். பிளேன் ஏறி பெல்ட்டப் போடுறதுக்குள்ள எறக்கி விட்டுருவான். குருண்ல இருந்து ஜித்ரா வர்றதுக்கே நமக்கு ஒரு மணி நேரம் ஆகுது. சனிக்கிழமை காலையில போனா ஞாயித்துக்கிழமை வந்துறலாம். இதெல்லாம் ஒரு தூரமா?"

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.  "அப்பா, அப்படி பிளேன் கிடையாதுப்பா," என்று மெல்லச் சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா சிரித்துக்கொண்டே, "புள்ளைக்கு வெக்கம். கல்யாணப் பேச்சுன்னாலே இப்படித்தான் ஏதாச்சும் சொல்லும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அது வெட்கம்தான் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

அப்பா, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். தோட்டங்களிலிருந்து ஆலைக்கு இரவும் பகலுமாகப் பல வருஷம் ஓட்டினார். கெடாவில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று அவரிடம்தான் எல்லாரும் கேட்பார்கள். கல்யாணத்துக்கு வேன் பிடிப்பவர்கள், பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் போடுவார்கள். கண்ணில் புரை வந்து லாரியை விட்ட பிறகும் அந்த மரியாதை மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. கைப்பேசியை வைத்துக்கொண்டு அதை உலகம் முழுக்க விரித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே அப்பாவோடு சண்டை போட்டேன்.

"அப்பா, அது வெறும் கணக்கு. ரெண்டு இடத்துக்கும் நடுவுல கோடு போட்டு நேரத்தச் சொல்லுது. பிளேன் ஓடுதான்னு அதுக்குத் தெரியாது."

"பிளேன் இல்லாத எடத்துக்கு எவன் நேரம் போடுவான்?"

"பாரியோல இருந்து கீழ மிரி டவுனுக்கு வரணும். மிரில இருந்து லாவாஸ். லாவாஸ்ல இருந்துதான் பக்கெலாலான். மழை வந்தா அங்கங்க தங்கணும்."

 அப்பா என் பக்கம் திரும்பிச் சொன்னார். "மொத வரன் குள்ளம்னு சொன்ன. ரெண்டாவது வரன் படிப்பு பத்தாதுன்னு சொன்ன. இப்ப பிளேன் இல்லைன்னு சொல்ற. வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லிரு பாப்பா. எதுக்குப் பொய் சொல்ற?"

 அப்பா கைப்பேசியில் இருந்த ஒரு பக்கத்தை நம்பினார், அந்த ஊரிலேயே வேலை செய்கிற என்னை நம்பவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும். அப்பா சொன்னபோது அவமானமாகத்தான் இருந்தது.

பள்ளி திறந்து நான் பாரியோவுக்குப் போய்விட்டேன். சில மாதங்களில் அப்பா போன் செய்தார். அவரும் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் கிளம்பி வருகிறார்களாம். என்னோடு இரண்டு நாள் தங்கிவிட்டு அப்படியே பக்கெலாலானுக்கு ஒரு எட்டு போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். மகனை அந்த அம்மா பார்த்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டதாம்.

"டிக்கெட்?" என்றேன்.

"பாரியோ வரைக்கும் எடுத்தாச்சு. திரும்பவும் அங்கேருந்தே ஏறுற மாதிரி. பத்து நிமிஷத்துக்கு எதுக்கு முன்னாடியே எடுக்கணும்? கவுண்டர்ல வாங்கிக்கலாம்லா."

மறுபடியும் சொன்னேன். லைன் விட்டு விட்டு வந்தது. "கேக்கல, கேக்கல, நேர்ல பேசலாம்," என்று வைத்துவிட்டார். அன்றுதான் முதல்முறையாக மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப் செய்தேன். பதில் வந்தது: 'நானும் அம்மாகிட்ட சொல்லிட்டேன். பொண்ணோட அப்பாவே சொல்றாரு, உனக்குத் தெரியாதுன்னு என்னயே திட்டுறாங்க.' பின்னால் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வந்து இறங்கியபோதே அம்மா அழுகிற நிலையில் இருந்தாள். இருபது பேர்கூட உட்கார முடியாத விமானம் அது. மிரியில் பயணப்பெட்டியை நிறுக்கிற மாதிரி ஆட்களையும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. வரிசையில் எல்லாரும் பார்க்க, கைப்பையோடு தராசில் ஏறி நின்றதை அம்மாவால் தாங்க முடியவில்லை. "என்ன அரிசி மூட்டையா நான்?" என்று என் காதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா மகனுக்காகச் செய்து கொண்டுவந்த முறுக்கு, அதிரசம், ஊறுகாய், அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் எடை மீறிப் போய் மிரியிலேயே தங்கிவிட்டன. ஒரே ஒரு டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் நாள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரு. காலையில கவுண்டர்ல கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போவுது," என்றார். பிறகு மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்கு வந்தார். அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு பிளேன் உண்டுதானேம்மா?"

இல்லை அத்தை என்று நான் சொல்லியிருக்கலாம். "அப்பாகிட்ட கேளுங்க," என்றேன். ஒருமுறை அப்பா என்னை நம்பாமல் போனது போதும், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒரு வன்மம் இருந்தது. அந்த அம்மா என்ன பாவம் செய்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

காலையில் எல்லாரும் விமான நிலையத்துக்குப் போனோம். விமான நிலையம் என்றாலும் பெரிய வீடு அளவுதான். மிரி விமானத்துக்காக ஊர்க்காரர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் என் மாணவர்களின் சொந்தக்காரர்கள். "சிக்கு, ஊருக்கா?" என்று கேட்டார்கள். ஆசிரியர்களை அங்கே சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணும் என் மாணவி ஒருத்தியின் அம்மாதான்.

அப்பா நிமிர்ந்து நின்று, நல்ல மலாயில், பக்கெலாலானுக்கு மூன்று டிக்கெட் கேட்டார்.

அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "தாக் அடா, பாக்சிக்," என்றாள். இல்லை ஐயா என்று அர்த்தம்.

"இன்னைக்கு இல்லையா? நாளைக்கு?"

நாளைக்கும் இல்லை, என்றைக்குமே இங்கிருந்து அங்கே விமானம் போவதில்லை என்றாள். மிரிக்குப் போய், லாவாஸ் போய், அங்கிருந்து போகவேண்டும். இல்லையென்றால் காட்டு வழியாக நடக்கவேண்டும், ஊர்க்காரர்களுக்கே மூன்று நான்கு நாள் ஆகும் என்றாள்.

அப்பா கைப்பேசியைக் கவுண்டர்மேல் வைத்தார். குரல் உயர்ந்துவிட்டது. பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறது பார் என்று விரலால் அந்தக் கோட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். அவள் குனிந்து பொறுமையாகப் பார்த்தாள். அப்புறம், கேலி இல்லாமல்தான், "இது பறவைக்குச் சரி, பாக்சிக்," என்றாள்.

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அப்பாவும் கொஞ்சம் தாமதமாக, அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கைப்பேசியைச் சட்டைப்பையில் போடப் பார்த்தார். பை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. நான் இரண்டடி பின்னால், யாரோ ஒரு ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா டப்பாவை மார்போடு அணைத்தபடி வந்தார். "அண்ணே, பத்து நிமிஷம்னு சொன்னீங்களே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அப்பா ஏதாவது பதில் பேசியிருப்பார்.

அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை. என் குடியிருப்பின் பின்புறம் ஒரு மரக்கட்டைமேல் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அறைக்குள் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். மிரி வழியாகப் போய் வர அவர்களுக்கு நாள் போதாது. வேறு தேதிக்கு மாற்றலாம் என்றால் வாரக்கணக்கில் விமானத்தில் இடம் இல்லை. என் அம்மா மட்டும் அறைக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள்.

நடந்ததை மாப்பிள்ளைக்கு எழுதினேன். மாலையில்தான் பதில் வந்தது. 'லீவு சொல்லிட்டேன். இங்க ரெண்டு பேர் கூட வர்றாங்க. நடந்து வர்றேன். அம்மாவ அழவேணாம்னு சொல்லுங்க. காட்டுல லைன் இருக்காது.'

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டார். "வேணாம்னு சொல்லு பாப்பா. ஒடனே சொல்லு. மழை வேற பெய்யுது." நான் எழுதினேன். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. மறுநாளும் அது ஒற்றை டிக்காகவே இருந்தது.

அடுத்த நாட்களில் தினமும் மழை. அப்பா காலையில் குடையை எடுத்துக்கொண்டு, ரோடு முடிந்து காட்டுப்பாதை தொடங்குகிற இடம்வரை போய் நிற்பார். இருட்டினால்தான் வருவார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், மருமகன் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார். சின்ன ஊர். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் கிசுகிசுப்பு. கடைசியில் ஒரு பையன் கேட்டே விட்டான்: "சிக்கு, உங்களக் கட்டிக்கப் போறவரு காட்டுல தொலைஞ்சிட்டாராமே?" நான் அவனைத் திட்டினேன். திட்டும்போதே, உண்மையிலேயே தொலைந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். ராத்திரியில் அந்த அம்மாவின் பக்கத்தில் படுக்கவே கூச்சமாக இருந்தது. அடுப்படியில் 'இல்லை அத்தை' என்று நான் சொல்லாமல் விட்டது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அவர்கள் திரும்பிப் போகவேண்டிய நாளுக்கு முந்திய நாள் சாயங்காலம் அவர் வந்தார். வருகிறார் என்று ஒரு சிறுமி ஓடிவந்து சொன்னதும், நான் என்ன செய்தேன் தெரியுமா? முகம் கழுவி, சுடிதார் மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டேன்.

இரண்டு ஊர்க்காரர்கள் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நொண்டிக்கொண்டு ஒருவர். ரப்பர் காலணியைக் கழற்றியபோது இரண்டு காலிலும் ரத்தம். அட்டைகள் கடித்த இடமெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அம்மா கத்திக்கொண்டே ஓடிவந்து மகனின் கால்களைப் பிடித்தார். என் அம்மா வெந்நீர் வைத்தாள். அப்பா வாசலுக்கு வெளியே, குடையை மடக்காமல், மழை நின்றதுகூடத் தெரியாமல் நின்றார்.

"அங்கிள், உள்ள வாங்க," என்று மாப்பிள்ளைதான் கூப்பிட்டார்.

"தம்பி, என்னாலதான்..." என்று அப்பா தொடங்கினார்.  எங்கள் வீட்டில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர்.

"பரவால்லலா அங்கிள். பிளேன்ல வந்திருந்தா இந்த அட்டையெல்லாம் பாத்திருக்க முடியுமா?" என்றார் அவர். நல்ல மனசோடு சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டு அப்பா இன்னும் சுருங்கினார்.

சாப்பிட்ட பிறகு, பெரியவர்களே ஏற்பாடு செய்து எங்களை வாசல் படியில் உட்காரவிட்டார்கள். அவர் என் சுடிதாரையும் பொட்டையும் ஒருமுறை பார்த்தார். தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நான் அம்மாவுக்காகத்தான் வந்தேன். உங்களப் பாக்குறதுக்காக நடந்து வந்தேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

"தெரியும்," என்றேன். தெரியாது. அந்தப் பொட்டை எப்படி அழிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இருவரும் மனம்விட்டுப் பேசினோம். அவருக்குக் கெடாவுக்கே மாறிப் போகவேண்டும், கடையில் தனியாக இருக்கிற அம்மாவோடு இருக்கவேண்டும். எனக்கு இந்த மலைப்பள்ளியை விட்டுவர மனமில்லை. இரண்டு பேருக்கும் இதில் எந்தக் கோபமும் இல்லை. "இத நாம மொதல்லயே பேசியிருக்கலாம்," என்றார். "ஆமா," என்றேன். மறுநாள், யாரோ ஒருவர் வராமல் போனதால் கிடைத்த இடத்தில் அவர் மற்றவர்களோடு மிரிக்குப் பறந்து, அங்கிருந்து லாவாஸ் போய், அப்புறம் தன் ஊருக்குப் போனார்.

அவர்கள் கிளம்பும் முன் அப்பாவிடம் நானே சொன்னேன், இந்தச் சம்பந்தம் சரியாக வராது என்று. பழைய அப்பாவாக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அவர் தலையை ஆட்டினார். "நீ சொன்னா சரிதான் பாப்பா." அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அது அதோடு நிற்கவில்லை. விடுமுறைக்கு குருண் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். எதையும் என்னைக் கேட்டுத்தான் சொல்கிறார். யாராவது தூரம் கேட்டு போன் செய்தால், "மகள் வந்ததும் கேட்டுச் சொல்றேன்," என்கிறார்.

ஒரு வருஷம் கழித்து அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம். பெண் கெடாவின் தெற்கில் இருக்கிற செர்டாங்காரி. மண்டபமும் அங்கேதான். அப்பா வரமாட்டேன் என்றார். நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில். நெடுஞ்சாலையிலேயே போய்விடலாமா என்று கேட்டேன். "போலாம்மா," என்றார். வழியில் ஜூரு என்ற இடத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். காடிகள் நகரவே இல்லை. முகூர்த்தமும் தப்பிவிட்டது.

"அப்பா, உள்ரோட்ல கூலிம் வழியா போயிருந்தா?"

"அப்பவே போயிருக்கலாம். வார கடைசியில இங்க எப்பவும் ஜாம்தான்."

"தெரியும்ல? ஏன் சொல்லல?"

"நீ சொன்னியேம்மா."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்தேன். அன்றைக்குக் கவுண்டரில் இரண்டடி பின்னால் நிற்காமல், அவர் பக்கத்தில் போய் நின்று, "வாங்கப்பா, வேற வழி பாக்கலாம்," என்று கையைப் பிடித்திருந்தால் போதும். அவ்வளவு செய்ய எனக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுப்பந்தியில் உட்கார வைத்தார். சொந்தக்காரர்களிடம், "எங்ககூட பாரியோ வந்த அண்ணன்," என்று அறிமுகப்படுத்தினார். அதற்குள் கதை தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாலையோடு வந்த கல்யாணப்பெண் என்னிடம் குனிந்து கேட்டாள். "அக்கா, நீங்கதானே அந்த டீச்சர்? இவரு உண்மையிலேயே காட்டுல நடந்து வந்தாரா, இல்ல சும்மா அளக்குறாரா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது.

"உண்மைதான்," என்றேன். "கால் பூரா ரத்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா இலையை மூடி எழப்போனார். அந்த அம்மா அவர் கையைத் தடுத்து, "எங்கண்ணே எந்திரிக்கிறீங்க? இன்னும் பாயாசமே வரல," என்று சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிடப் போனார். அப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"கெளம்பலாமா பாப்பா? இல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணுமா?"

"நீங்களே சொல்லுங்கப்பா," என்றேன்.

 நான் சொல்லட்டும் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.